பார்னி ஹென்றிக்கஸ் வென்ற பொன்

குத்துச்சண்டை என்றதும் ஜோ லூயி, முகம்மது அலி போன்ற பாரிய உடல் படைத்த வீரரே நம் மனக்கண்முன் தோன்றுவர். ஆயினும், அன்பர்களே, இலங்கைக் குத்துச்சண்டைக்குப் பொன்மகுடம் சூட்டியவர் எடை குறைந்த ஒருவரே.

1938ஆம் ஆண்டு பெப்ரவரியில் சிட்னி நகரில் பிரித்தானியப் பேரரசு விளையாட்டு விழா நடைபெற்றது. அங்கே பார்னி ஹென்றிக்கஸ் பெதர்வெயிட் பிரிவில் மேடையேறினார். ஏறத்தாழ 57 கிலோகிராம் எடைக்கு மேற்படாதோர்க்குரிய பிரிவு அது. அதில் அவர் வென்ற தங்கமே அவ்விழாவில் இலங்கை பெற்ற ஒரே பதக்கமாகும்.

அவ்வெற்றி திடீரென முளைத்ததன்று. குத்துச்சண்டையில் பெயர்பெற்ற சகோதரர் பலருள் பார்னியும் ஒருவர். மேலும், 1914 முதலே ஸ்டப்ஸ் கேடயப் போட்டி பாடசாலை மாணவரை இக்கலையிற் பழக்கி வந்தது.

எழுபத்திரண்டு ஆண்டுகளின் பின், 2010இல், டில்லிப் பொதுநலவாய விழாவில் மற்றுமோர் இலங்கை வீரர் குத்துச்சண்டையில் தங்கம் வென்றார். நாடே மகிழ்ந்தது. ஆனால் ஊக்கமருந்துச் சோதனையின் முடிவால் அப்பதக்கம் பறிக்கப்பட்டது. பார்னியின் பொன்னோ இன்றும் தனித்தே ஒளிர்கிறது.

கொட்டாஞ்சேனையிலோ வெள்ளவத்தையிலோ இன்று முதன்முறையாகக் கையுறை அணியும் சிறுவன் அறியவேண்டியது இதுவே: வீரனின் பெருமையை அளக்கும் தராசு அவன் உடலின் பாரத்தை நோக்குவதில்லை, வென்ற வழியின் தூய்மையையே நோக்கும்.