வைஃபை வராத மடிக்கணினிகளின் காலம்

2000-களின் நடுவில் மடிக்கணினியில் லினக்ஸ் போட்டவர்களின் முதல் கேள்வி, உள்ளே இருப்பது பிராட்காம் வைஃபை சிப்பா என்பதுதான். ஆம் என்றால் அன்றைய தூக்கம் போயிற்று.

பிராட்காம் தன் சிப்பின் விவரங்களை வெளியிடவில்லை. லினக்ஸுக்கு டிரைவரும் தரவில்லை. என்டிஸ்ராப்பர் என்ற மென்பொருள், விண்டோஸ் டிரைவரையே லினக்ஸ் கெர்னலுக்குள் ஏற்றி ஓடவைத்தது. ஒட்டுவேலைதான், ஆனாலும் பலருக்கு அதுவே கதி. இன்னொரு பக்கம் தன்னார்வலர்கள் நேர்வழியில் இறங்கினார்கள். ஒரு குழு பிராட்காமின் மூடிய டிரைவரைப் பிரித்து ஆராய்ந்து குறிப்பு எழுதியது. அந்தக் குறிப்பை மட்டும் வைத்து வேறொரு குழு புது டிரைவரை எழுதியது. பதிப்புரிமை வழக்கு வராமலிருக்க இந்தப் பிரிவினை. அந்த டிரைவர் 2006-இல் கெர்னல் 2.6.17-இல் சேர்ந்தது.

அப்போதும் சிக்கல் தீரவில்லை. சிப்புக்குள் ஏற்றவேண்டிய ஃபர்ம்வேரை லினக்ஸோடு சேர்த்து வழங்க உரிமம் இல்லை, இணையத்திலிருந்து இறக்கவேண்டும். இணையம் வரவோ ஃபர்ம்வேர் வேண்டும்! கல்யாணம் ஆனால்தான் பைத்தியம் தெளியும், பைத்தியம் தெளிந்தால்தான் கல்யாணம் ஆகும் என்ற கதை. ஈத்தர்நெட் கேபிள்தான் காப்பாற்றியது.

2008-இல் பிராட்காம் பாதி மூடிய டிரைவர் ஒன்றைத் தந்தது. 2010 செப்டம்பரில் முழுத் திறமூல டிரைவர் வந்தது; தாமதம்தான், அதுவும் சில புதிய சிப்புகளுக்கு மட்டும்.

பழைய மேக்புக்குகள் சிலவற்றில் உள்ள பிசிஎம்4360 சிப்புக்கு இன்றும் அந்த 2008-இன் பாதி மூடிய டிரைவர்தான் வேண்டும். அத்தகைய கணினியில் லினக்ஸ் நிறுவுவோர் கைப்பேசியை யுஎஸ்பி வழியே இணைத்து இணையம் பெற்றுக்கொள்வது நல்லது.