மலிவு டயரின் கதை: பக்கச்சுவரில் எழுதியிருக்கும் வரலாறு

(எபிசோடின் எழுத்து வடிவம். வாசிக்க வசதியாகச் சில இடங்களில் திருத்தப்பட்டுள்ளது.)

இன்னைக்கு எபிசோட் ஒரு டயர்ல இருந்து ஆரம்பிக்குது.

எங்க வீட்டுல ஒரு ஆல்ட்டோ 800 இருக்கு. 2014 மாடல். அப்பா ஆசைப்பட்டு வாங்கினது. 2023 ஆரம்பத்துல பின்பக்க டயர் ரெண்டும் தேஞ்சு மொட்டையாயிடுச்சு. அப்போ வீட்டுல செலவு அதிகம். அதனால புதுசு வாங்காம, செகண்ட் ஹேண்ட் டயர் விக்கிற ஒரு கடையில ரெண்டு டயர் வாங்கி மாட்டினோம். புது டயர் விலையில பாதிகூட ஆகல. கறுகறுன்னு பளபளப்பா இருந்துச்சு, பட்டன் ஆழமா இருந்துச்சு. நானும் சந்தோஷமா காசைக் கொடுத்துட்டு வந்துட்டேன்.

அந்த வருஷம் நவம்பர்ல, மழையில, ஜி.எஸ்.டி. ரோட்டுல மதுராந்தகம் தாண்டிப் போறோம். பின் சீட்டுல அம்மா. திடீர்னு வண்டி அதிர ஆரம்பிச்சது. அடுத்த அரை நிமிஷத்துல ‘டப்’புன்னு ஒரு சத்தம். வண்டியோட பின்பக்கம் ஒரு ஆட்டம் ஆடி, எப்படியோ ஓரமா நின்னுச்சு. பின்னாடி லாரி எதுவும் வரல. யாருக்கும் அடி இல்ல. அவ்வளவுதான் அன்னைக்கு எங்களுக்கும் ஆபத்துக்கும் நடுவுல இருந்த தூரம்.

ஸ்டெப்னி மாட்டிக்கிட்டு மெதுவா ஒரு பஞ்சர் கடைக்குப் போனோம். அங்க இருந்த பெரியவர் கிழிஞ்ச டயரைத் திருப்பிப் பார்த்தார். “தம்பி, இது பட்டன் வெட்டின டயர். தேஞ்ச டயர்ல சூட்டுக்கத்தி வச்சுப் பள்ளம் எடுத்து, மேல பாலிஷ் போட்டிருக்கான். இதைப் பாருங்க”ன்னு பக்கச்சுவர்ல ஒரு சின்ன நீள்வட்டத்தைக் காட்டினார். அதுல 3313ன்னு இருந்துச்சு. 2013ஆம் வருஷம், 33ஆவது வாரம். எங்க காரைவிட வயசான டயரை மாட்டிக்கிட்டு நாங்க ஊர் சுத்தியிருக்கோம்.

அந்த நாலு இலக்கம் நான் வாங்குறப்பவும் அங்கதான் இருந்துச்சு. எனக்குத்தான் படிக்கத் தெரியல. அதுக்கப்புறம் டயர்ல எழுதியிருக்கிற ஒவ்வொரு எழுத்தும் ஏன் அங்க வந்துச்சுன்னு தேட ஆரம்பிச்சேன். அந்தத் தேடல்தான் இன்னைக்கு எபிசோட்.

முதல்ல அளவு. எங்க ஆல்ட்டோ டயர்ல இப்படி இருக்கும்: 145/80 ஆர்12 74 எஸ். முதல்ல இருக்கிற 145, டயரோட அகலம், மில்லிமீட்டர்ல. அடுத்தது 80, பக்கச்சுவரோட உயரம் அகலத்துல எத்தனை சதவீதம்னு சொல்லுது. கடைசியா 12, ரிம்மோட விட்டம், அங்குலத்துல. ஒரே வரியில மில்லிமீட்டர், சதவீதம், அங்குலம்னு மூணு கணக்கு! டயர் அளவு ஒரே நாள்ல ஒரே இடத்துல உட்கார்ந்து முடிவு பண்ணினது இல்லைங்கிறது இதுலயே தெரியும். அகலம் மெட்ரிக் கணக்குக்கு மாறிடுச்சு, ரிம் அங்குலத்துலயே நின்னுடுச்சு.

அதையும் மாத்திப் பார்க்க ஒரு கம்பெனி முயற்சி பண்ணுச்சு. 1975ல பிரான்ஸோட மிஷலின் கம்பெனி டி.ஆர்.எக்ஸ். அப்படின்னு ஒரு டயரைக் கொண்டுவந்தது. அதோட ரிம் விட்டம் 390 மில்லிமீட்டர் மாதிரி மெட்ரிக் அளவுல இருந்துச்சு. டயர் நல்ல டயர்தான். ஆனா அந்த ரிம்ல வேற சாதாரண டயர் எதுவும் உட்காராது. மற்ற கம்பெனிகள் பெரிசா அந்தப் பக்கம் வரல. கடைசியில அந்த அளவே வழக்கொழிஞ்சு போச்சு. அந்த ரிம்மோட பழைய கார் வச்சிருக்கிறவங்க, இன்னைக்கும் கொஞ்சமா மட்டுமே தயாராகிற டயருக்கு அதிக விலை கொடுக்க வேண்டியிருக்கு.

இதுல நமக்கு ஒரு பாடம் இருக்கு. டயர் விலை ரப்பர்ல மட்டும் இல்ல, அந்த அளவை எத்தனை பேர் பயன்படுத்துறாங்கங்கிறதுலயும் இருக்கு. நம்ம ஊர்ல ஆல்ட்டோ லட்சக்கணக்குல ஓடுறதால 145/80 ஆர்12 பல கம்பெனியில கிடைக்குது. டாட்டா நானோ ஞாபகம் இருக்கா? 2009ல விற்பனைக்கு வந்தது. அதுல முன் டயர் 135/70 ஆர்12, பின் டயர் 155/65 ஆர்12. ரெண்டும் வேற வேற அளவு. எஞ்சின் பின்னாடி இருக்கிறதால பின் சக்கரத்து மேல எடை அதிகம், அதுக்காக அப்படி வடிவமைச்சாங்க. உலகத்துலயே மலிவான கார்னு பேர் வாங்கின வண்டி. ஆனா டயர் மாத்தணும்னா, ஆல்ட்டோக்காரர் மாதிரி போற வழியில எந்தக் கடையிலயும் நிறுத்தி வாங்கிட முடியாது. செகண்ட் ஹேண்ட்ல சின்ன கார் வாங்கப் போறீங்கன்னா, மைலேஜ் கேட்கிற மாதிரி டயர் அளவையும் கேளுங்க.

அடுத்து அந்த ‘ஆர்’. ரேடியல். இந்த ஒரு எழுத்துக்குப் பின்னாடிதான் பெரிய கதை இருக்கு.

1934 கடைசியில சிட்ரோயன் கார் கம்பெனி திவாலாச்சு. அதுக்கு அதிகமா கடன் கொடுத்திருந்த மிஷலின், கம்பெனியையே எடுத்துக்கிட்டது. ஒரு டயர் கம்பெனி கையில கார் கம்பெனி. மிஷலின்ல இருந்து வந்த பியர் பூலான்ஷே சிட்ரோயன் பொறியாளர்கள்கிட்ட ஒரு வண்டி கேட்டார். ரெண்டு விவசாயி உட்காரணும், 50 கிலோ உருளைக்கிழங்கு ஏத்தணும், மணிக்கு 60 கிலோமீட்டர் ஓடணும், 100 கிலோமீட்டருக்கு 3 லிட்டருக்கு மேல பெட்ரோல் குடிக்கக் கூடாது. நடுவுல போர் வந்து, கடைசியில 1948ல பாரிஸ் கண்காட்சியில அந்தக் கார் வெளியே வந்தது. அதுதான் சிட்ரோயன் 2சிவி.

அதே வருஷங்கள்ல மிஷலின் உள்ளே மாரியுஸ் மிஞ்ஞோல்னு ஒருத்தர் இன்னொரு வேலை பார்த்துக்கிட்டிருந்தார். அதுவரைக்கும் டயருக்குள்ள இருக்கிற நூல் அடுக்குகள் ஒண்ணுமேல ஒண்ணு குறுக்கும் நெடுக்குமா, பாய் பின்னின மாதிரி இருக்கும். பக்கச்சுவர் நெளியுறப்போ தரையில படுற பகுதியும் சேர்ந்து நெளியும். அதனால சூடாகும், சீக்கிரம் தேயும். மிஞ்ஞோல் நூலை ஒரு விளிம்புல இருந்து இன்னொரு விளிம்புக்கு நேரா ஓடவிட்டு, பட்டனுக்குக் கீழே இரும்புக் கம்பிப் பட்டையைச் சுத்தினார். பக்கச்சுவர் தனியா நெளியும், அடிப்பகுதி தரையில தட்டையா உட்காரும். 1946ல காப்புரிமை, 1949ல விற்பனை. பழைய டயரைவிட ஏறக்குறைய ரெண்டு மடங்கு உழைச்சது, பெட்ரோலும் மிச்சமாச்சு.

இவ்வளவு நல்ல பொருளை உலகமே உடனே எடுத்துக்கிட்டிருக்கணும் இல்லையா? அமெரிக்க டயர் கம்பெனிகள் இருபது வருஷத்துக்கு மேல தள்ளிப்போட்டாங்க. காரணம் எளிமையானது. ரேடியல் செய்ய மெஷின் எல்லாம் மாத்தணும். அதோட, டயர் ரெண்டு மடங்கு உழைச்சா மாத்து டயர் வாங்க வர்றவர் எண்ணிக்கை பாதியாகும். அதனால 1960களோட பிற்பகுதியில பழைய அமைப்பு மேலயே ஒரு பட்டையைச் சுத்தி வித்தாங்க. 1973 எண்ணெய் நெருக்கடி வந்து பெட்ரோல் விலை ஏறினப்போதான் ரேடியலுக்கு அவசரமா ஓடினாங்க.

அந்த அவசரத்துக்கு விலை இருந்தது. ஃபயர்ஸ்டோன் 500 அப்படிங்கிற ரேடியல்ல உள்ளே இருக்கிற இரும்புப் பட்டை பிரிஞ்சு வர ஆரம்பிச்சது. வேகமா ஓடுறப்போ டயர் உரிஞ்சு போகும். காத்து சரியா அடிக்காதது வாடிக்கையாளர் தப்புன்னு கம்பெனி சொல்லிச்சு. விபத்துகளும் புகார்களும் குவிஞ்சு, 1978ல 70 லட்சத்துக்கும் மேற்பட்ட டயர்களைத் திரும்ப எடுக்க வேண்டியதாச்சு. 2000ஆம் ஆண்டு ஆகஸ்ட்ல அதே கம்பெனி ஃபோர்டு எக்ஸ்ப்ளோரர் வண்டிகள்ல ஓடின சுமார் 65 லட்சம் டயர்களைத் திரும்ப அழைச்சது. 270க்கும் மேற்பட்ட மரணங்கள் அந்த டயர்களோட தொடர்புபடுத்தப்பட்டன. டயர் கம்பெனி கார் கம்பெனியைச் சொல்லிச்சு, கார் கம்பெனி டயர் கம்பெனியைச் சொல்லிச்சு. அந்த வருஷக் கடைசியில அமெரிக்கா புதுச் சட்டம் கொண்டுவந்தது. காத்து குறைஞ்சா டேஷ்போர்டுல ஒரு விளக்கு எரியுதே, அந்த வசதி அங்க கட்டாயமானது அந்தச் சட்டத்தாலதான்.

இப்போ அந்த 3313க்கு வருவோம். அமெரிக்காவுல 1970கள்ல இருந்தே டயர்ல அடையாள எண் இருக்கு. திரும்ப அழைக்கணும்னா எந்தத் தொழிற்சாலை, எந்த வாரம்னு தெரியணும் இல்லையா, அதுக்காக. ஆனா 2000க்கு முன்னாடி தேதிக்கு மூணு இலக்கம்தான். ரெண்டு இலக்கம் வாரம், ஒரு இலக்கம் வருஷம். 158ன்னு இருந்தா 15ஆவது வாரம் சரி, வருஷம் 1988ஆ, 1998ஆ? பத்து வயசு டயரைப் புதுசுன்னு சொல்லி வித்தாலும் எண்ணைப் பார்த்துப் பிடிக்க முடியாது. 2000ல இருந்து நாலு இலக்கம் ஆச்சு. நம்ம ஊர் டயர்லயும் அதே முறைதான்.

வயசு ஏன் முக்கியம்னா, ரப்பர் ஓடாம சும்மா இருந்தாலும் ஆக்சிஜனோட சேர்ந்து இறுகிப் போகும். பட்டன் ஆழமா இருக்கும், ஆனா உள்ளே பிடிப்பு போயிருக்கும். அஞ்சு வருஷம் ஆயிட்டா வருஷா வருஷம் காட்டுங்க, பத்து வருஷம் ஆயிட்டா எப்படி இருந்தாலும் மாத்துங்கன்னு பல கம்பெனிகளே சொல்றாங்க.

பட்டன் தேயுறதுக்கும் ஒரு எண் இருக்கு. நம்ம மோட்டார் வாகன விதிப்படி கார் டயர்ல குறைஞ்சது 1.6 மில்லிமீட்டர் ஆழம் இருக்கணும். ஏன் ஒன்றரை இல்ல, ரெண்டு இல்ல? அமெரிக்காவுல 1960கள் கடைசியில பாதுகாப்பு விதிகள் வந்தப்போ, பள்ளத்துக்குள்ள 2/32 அங்குல உயரத்துக்குக் குட்டித் திட்டு வைக்கச் சொன்னாங்க. அதை மில்லிமீட்டர்ல சொன்னா கிட்டத்தட்ட 1.6 வரும். பட்டன் தேஞ்சு அந்தத் திட்டோட சமமாச்சுன்னா டயரோட ஆயுசு முடிஞ்சது. பட்டன் வெட்டின டயர்ல அந்தத் திட்டு காணாமப் போயிருக்கும், இல்லன்னா பாதி அறுந்திருக்கும். கடையில குனிஞ்சு பார்த்தா கண்டுபிடிச்சுடலாம்.

சரி, இது எல்லாம் வெளிநாட்டுக் கதை. நம்ம ஊர்ல மலிவு டயரோட கதை எங்க ஆரம்பிக்குது? திருவொற்றியூர்ல. 1946ல கே.எம். மாம்மன் மாப்பிள்ளை அங்க ஒரு சின்னக் கொட்டகையில பொம்மை பலூன் செய்ய ஆரம்பிச்சார். 1952ல டிரெட் ரப்பர் தயாரிப்புக்கு மாறினார். தேஞ்ச டயர் மேல புதுப் பட்டன் ஒட்டுறதுக்கான ரப்பர். அப்போ நாட்டுல டயர் விற்பனை டன்லப், ஃபயர்ஸ்டோன் மாதிரி வெளிநாட்டுக் கம்பெனிகள் கையில இருந்துச்சு. 1961ல அமெரிக்காவோட மேன்ஸ்ஃபீல்ட் கம்பெனி கூட்டுல முதல் டயர் வெளியே வந்தது. மெட்ராஸ் ரப்பர் ஃபேக்டரி, அதாவது எம்.ஆர்.எஃப்.

அதாவது இந்த ஊரோட பெரிய டயர் கம்பெனியே பழைய டயருக்கு உயிர் கொடுக்கிற வேலையில வளர்ந்ததுதான். சிக்கனம் கேவலம் இல்ல. ஒழுங்கான ரீட்ரேடிங்ல பழைய டயரைச் சோதிச்சு, புது ரப்பர் ஒட்டி, சூட்டுல வேகவைப்பாங்க. லாரி, பஸ்ஸெல்லாம் இன்னைக்கும் அதுல ஓடுது. எனக்குக் கிடைச்சது அது இல்ல. புது ரப்பர் எதுவும் சேர்க்காம, இருந்த கொஞ்ச ரப்பரையும் வெட்டி எடுத்த டயர்.

இப்போ காசு கம்மியா இருக்கு, டயர் மாத்தணும், என்ன பண்றது? நான் இப்போ பண்றதைச் சொல்றேன்.

நாலையும் ஒரே நேரத்துல மாத்த முடியலன்னா ரெண்டு ரெண்டா மாத்துங்க. ஒரே அச்சுல ரெண்டும் ஒரே மாதிரி இருக்கட்டும். புதுசு ரெண்டையும் பின்னாடி போடுங்க. முன் டயர் வழுக்கினா வண்டி நேரா போகும், ஆக்சிலரேட்டரை விட்டா பிடிப்பு திரும்பி வரும். பின் டயர் வழுக்கினா வண்டி சுத்திடும், சமாளிக்கிறது கஷ்டம்.

அளவு அதேதான் இருக்கணும். 74ங்கிறது ஒரு டயர் 375 கிலோ தாங்கும்னு அர்த்தம். அதைவிடக் குறைஞ்ச எண் வேண்டாம். எஸ் அப்படின்னா 180 கிலோமீட்டர் வேகம் வரைக்கும். ஆல்ட்டோவுக்கு அதுக்கு மேல எதுக்குங்க? அகல டயர், ஸ்போர்ட்ஸ் டயர்னு யாராவது ஆசை காட்டினா, அந்தக் காசை அலைன்மென்ட்டுக்கும் பேலன்சிங்குக்கும் வச்சுக்கோங்க. ஐ.எஸ்.ஐ. முத்திரை இருக்கான்னு பாருங்க. பெரிய பிராண்டோட விலை உயர்ந்த மாடலைவிட, தெரிஞ்ச கம்பெனியோட சாதாரண மாடல், இந்த வருஷத்துல செஞ்சது, அதுவே போதும். மாட்டுறதுக்கு முன்னாடி நாலு இலக்கத்தைப் படிச்சுட்டு, பழசா இருந்தா ‘அண்ணே, வேற எடுங்க’ன்னு கேளுங்க. கடைக்காரர் கோவிச்சுக்க மாட்டார்.

போன மாசம் முன் டயர் ரெண்டும் மாத்தினோம். இந்தத் தடவை கடைக்கு அம்மாவும் வந்தாங்க. கடைக்காரர் டயரை உருட்டிக்கிட்டு வந்ததும், நான் போனை எடுக்கிறதுக்குள்ள அம்மா கண்ணாடியைப் போட்டுக்கிட்டுக் குனிஞ்சு, தேதியைச் சத்தமா படிச்சாங்க.

அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.