ஒரு மருந்துச் சீட்டும் மூன்று பழைய கதைகளும்

போன ஐப்பசி மழையில், ஒத்தக்கடை தாண்டி யானைமலை அடிவாரத்தில் பூட்டிக்கிடந்த ஒரு டீக்கடை பெஞ்சுக்கு அடியில்தான் அவளைப் பார்த்தேன். வெள்ளை நாய். நம்ம ஊரில் எல்லாரும் 'பாம்' என்று சொல்லும் வகை. (உண்மையில் அது பொமரேனியன் இல்லை, இந்தியன் ஸ்பிட்ஸ். அந்தக் கதை இன்னொரு நாள்.) கழுத்தில் நைந்துபோன பெல்ட் இருந்தது. யாரோ வளர்த்து, யாரோ விட்டுவிட்டுப் போயிருக்கிறார்கள். விலா எலும்பை எண்ணலாம். காது மடல் முழுக்க உண்ணி, திராட்சைக் கொத்து மாதிரி.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அம்மா, "பாவம்டா, எத்தன நாள் பட்டினியோ, நல்லா போடு" என்றார். போட்டேன். ஒரு தட்டு நிறையப் பால்சோறு. ஒரே நிமிஷத்தில் காலி பண்ணியது. இன்னொரு தட்டு. ராத்திரி இரண்டு மணிக்கு வாந்தி, பேதி, நிற்க முடியாமல் நடுக்கம். விடிவதற்குள் போய்விடும் என்றே நினைத்தேன்.

காலையில் கால்நடை மருத்துவரிடம் தூக்கிக்கொண்டு ஓடினேன். எடை நாலே கால் கிலோ. ஈறு வெளுத்திருந்தது, மூக்கில் லேசாக ரத்தம். ரத்தப் பரிசோதனையில் தட்டணுக்கள் 38,000. குறைந்தது இரண்டு லட்சமாவது இருக்க வேண்டுமாம். டாக்டரம்மா என்னைத் திட்டவில்லை. "பாசத்துல பண்ணீங்க, ஆனா இப்பிடித்தான் சார் நிறைய நாய் செத்துப்போகுது" என்றார். சீட்டில் இரண்டு விஷயம் எழுதினார். சாப்பாடு: கொஞ்சம் கொஞ்சமாக, ஆறு வேளை. மாத்திரை: டாக்ஸிசைக்ளின், 28 நாள். மூன்றாவதை வாயால் சொன்னார்: "தூக்காதீங்க, கொஞ்சாதீங்க. யாராவது ஒருத்தர் அது இருக்க ரூம்ல சும்மா உக்காந்திருங்க."

எங்கள் தொழிலில், ஒரு வரி கோடு ஏன் அங்கே இருக்கிறது என்று புரியவில்லை என்றால் பழைய மாற்றங்களைத் தோண்டிப் பார்ப்போம். அதை எழுதியது யார், எந்தப் பிரச்சினைக்காக என்று. அதே பழக்கத்தில், ராத்திரி நாய்க்குக் காவல் இருந்த நேரத்தில் இந்தச் சீட்டைத் தோண்டினேன். மூன்று வரிக்குப் பின்னாலும் மூன்று பழைய கதைகள் கிடைத்தன.

கொஞ்சமாகக் கொடு

மதுரைக்காரர்கள் தாது வருஷப் பஞ்சத்தைக் கேள்விப்பட்டிருப்பீர்கள். 1876 முதல் 1878 வரை. சொத்தை எல்லாம் விற்று ஊருக்குக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாள் கதை இன்னும் இங்கே சொல்லப்படுகிறது. அரசாங்கக் கதை வேறு. 1877 தொடக்கத்தில் சர் ரிச்சர்ட் டெம்பிள், நிவாரண வேலை செய்யும் ஆணுக்கு ஒரு நாளைக்கு ஒரு ராத்தல் தானியமும் ஒரு அணாவும் போதும் என்று கூலியைக் குறைத்தார். சென்னை மாகாண சுகாதார ஆணையர் கார்னிஷ் அதைக் கடுமையாக எதிர்த்தார். உழைக்கிற உடம்புக்கு அது பத்தாது என்பது அவர் வாதம்.

ஆனால் முகாம்களில் இன்னொரு புதிரும் இருந்தது. சோறு கிடைத்த பிறகும் ஆட்கள் செத்தார்கள். ராயபுரம் நிவாரண முகாமில் இருந்த மருத்துவர் அலெக்ஸாண்டர் போர்ட்டர் இறந்தவர்களின் உடல்களைப் பரிசோதித்து, 1889-ல் சென்னைப் பஞ்ச நோய்களைப் பற்றி ஒரு புத்தகமே எழுதினார். நீண்ட பட்டினியில் உடம்பின் கொழுப்பும் தசையும் மட்டும் கரைவதில்லை, குடலும் மெலிந்துபோகிறது. பசி இருக்கும், சோறும் இருக்கும், செரிக்க வேண்டிய உறுப்புதான் இருக்காது.

அடுத்த காட்சி ஜெர்மனியில். 1945 ஏப்ரல் 15, பெல்சன் வதைமுகாமுக்குள் பிரிட்டிஷ் படை நுழைந்தது. உள்ளே சுமார் 60,000 பேர். பட்டினியும் டைஃபஸும் தின்றது போக மிச்சமிருந்தவர்கள். படைவீரர்கள் இரக்கப்பட்டுத் தங்கள் டின் இறைச்சியைக் கொடுத்தார்கள். அதைச் சாப்பிட்டே பலர் இறந்தார்கள். நான் பண்ணிய அதே தப்பு, அதே பாசம். பிறகு ஒரு கூழ் வந்தது. பால் பவுடர், மாவு, சர்க்கரை கலந்தது. அதன் பெயர் 'வங்காளப் பஞ்சக் கலவை'. 1943 வங்காளப் பஞ்சத்தில் பயன்படுத்தியது. முகாமில் இருந்தவர்களுக்கு அது திகட்டியது, பலர் தொடவே மறுத்தார்கள். ஆனாலும், பட்டினி கிடந்த உடம்புக்குத் தனிச் சாப்பாடு, தனி அளவு என்ற எண்ணம் நம் பக்கத்துப் பஞ்சத்திலிருந்து ஐரோப்பாவுக்குப் போனதை நினைத்தால் மனசு என்னவோ செய்கிறது.

காரணம் இன்று தெளிவாகத் தெரியும். பட்டினியில் உடம்பு கொழுப்பை எரித்துப் பிழைக்கிறது. திடீரென்று மாவுச்சத்து நிறைய வந்தால் இன்சுலின் பொங்கும். ரத்தத்தில் மிச்சமிருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம், மெக்னீசியம் எல்லாம் செல்லுக்குள் ஓடிவிடும். இதயம் தடுமாறும். மனிதனுக்கும் நாய்க்கும் ஒரே கணக்குதான்.

பொரிக்கு (வெள்ளையாக, லேசாக இருந்ததால் மகள் வைத்த பெயர்) முதல் நாள் அவள் தேவையில் கால் பங்குதான். வேகவைத்து உதிர்த்த கோழி, கொஞ்சம் குழைந்த சோறு. உப்பில்லை, மசாலா இல்லை. வெங்காயம் நாயின் ரத்த அணுக்களையே உடைக்கும் என்பதால் சாம்பார் சாதத்துக்கும் தடை. முழு அளவுக்குக் கொண்டுவர ஒரு வாரம் ஆனது. அவள் தட்டை நக்கிவிட்டு நிமிர்ந்து பார்க்கும்போது எழுந்து போகாமல் இருப்பதுதான் அந்த வாரத்தின் கஷ்டமான வேலை.

28 நாள் மாத்திரை

நோய்க்குப் பெயர் எர்லிக்கியோசிஸ். நாய் வளர்ப்பவர்கள் உண்ணிக் காய்ச்சல் என்பார்கள். (மனிதர்களுக்கு வரும் உண்ணிக் காய்ச்சல் வேறு.) பழுப்பு நாய் உண்ணி வழியாக வரும் பாக்டீரியா, வெள்ளணுக்குள் குடியேறிவிடும். 1935-ல் அல்ஜீரியாவில் டொனாத்தியென், லெஸ்தோகார் என்ற இருவர் முதலில் அடையாளம் கண்டார்கள். ரொம்ப நாள் யாரும் கண்டுகொள்ளவில்லை. 1960-களின் கடைசியில், வியட்நாமில் அமெரிக்க ராணுவத்தின் ஜெர்மன் ஷெப்பர்டுகள் நூற்றுக்கும் மேல் மூக்கில் ரத்தம் வழிந்து செத்தபோதுதான் உலகம் திரும்பிப் பார்த்தது. கைகொடுத்த மருந்து டெட்ராசைக்ளின். டாக்ஸிசைக்ளின் அதே குடும்பம், 1967-ல் சந்தைக்கு வந்தது.

அந்தக் குடும்பத்தின் மூத்த பிள்ளை ஆரியோமைசின். மிசூரியில் ஒரு வயல் மண்ணிலிருந்து கிடைத்த பொன்னிற நுண்ணுயிர் தந்தது. கண்டுபிடித்தவர் பெஞ்சமின் டக்கர், எழுபது வயதுக்கு மேல், பல்கலைக்கழகத்தில் ஓய்வுபெற்ற பிறகு லெடர்லே ஆய்வகத்துக்கு வந்தவர். அந்த ஆய்வகத்தின் ஆராய்ச்சித் தலைவர் யார் தெரியுமா? எல்லாப்ரகட சுப்பாராவ். பீமவரத்தில் 1895-ல் பிறந்து, சென்னை மருத்துவக் கல்லூரியில் படித்தவர். கதர் அங்கி போட்டுக்கொண்டு அறுவை சிகிச்சை வகுப்புக்குப் போனதில் ஆங்கிலப் பேராசிரியரின் கோபத்துக்கு ஆளாகி, எம்.பி.பி.எஸ். கிடைக்காமல் எல்.எம்.எஸ். சான்றிதழோடு நின்றவர். 1923-ல் ஹார்வர்டுக்குக் கப்பல் ஏறினார். ஆரியோமைசின் 1948 ஜூலையில் உலகுக்கு அறிவிக்கப்பட்டது. அடுத்த மாதமே சுப்பாராவ் காலமானார்.

மதுரையில் ஒரு தெருநாய்க்கு நான் வெல்லத்தில் பொதிந்து கொடுக்கும் மஞ்சள் மாத்திரைக்குள் சென்னையில் படித்த ஒருவரின் உழைப்பும் இருக்கிறது! ஒரே ஒரு எச்சரிக்கை: அளவு எடையைப் பொறுத்தது, நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். நாலு நாளில் தெளிந்துவிட்டது என்று நிறுத்தவும் கூடாது. அப்புறம் உண்ணிக்கு மண்ணெண்ணெய் தடவுவது நம்ம ஊர் வழக்கம். அது தோலைப் புண்ணாக்கும், நாய் நக்கினால் விஷம். உண்ணி நாய் மேல் மட்டும் இருப்பதில்லை, சுவர் விரிசலிலும் கட்டில் மூலையிலும் ஏறி ஒளிந்துகொள்ளும். நாய்க்கு மருந்து போட்ட அன்றே வீட்டையும் சுத்தம் பண்ண வேண்டும்.

சும்மா உட்கார்ந்திரு

1924 செப்டம்பர் 23, லெனின்கிராடில் பெரிய வெள்ளம். பாவ்லோவின் ஆய்வகத்து நாய்கள் கூண்டுக்குள் நீந்திக்கொண்டிருந்தன. கூண்டுக் கதவு கீழே இருந்ததால், காப்பாற்ற வந்தவர்கள் நாய்களின் தலையைத் தண்ணீருக்குள் அமுக்கித்தான் வெளியே இழுக்க வேண்டியிருந்தது. உயிர் பிழைத்தன. ஆனால் சில நாய்கள், அதுவரை கற்றிருந்த பழக்கங்களையே மறந்துபோயின.

ஒரு நாய்க்கு எதுவுமே பலிக்கவில்லை. கடைசியில் அதோடு பழகிய ஆய்வாளர், வெளியிலிருந்து கவனிக்காமல், அறைக்குள்ளேயே கூட இருந்து பார்த்தார். பழைய பழக்கங்கள் திரும்ப வந்தன. பின்னால், தேறிய பிறகு, கதவுக்கு அடியில் கொஞ்சம் தண்ணீர் ஒழுகவிட்டார்கள். அவ்வளவுதான், எல்லாம் மறுபடி போயிற்று. பாவ்லோவ் தன் நாய்களுக்குச் செய்ததெல்லாம் எனக்கு ஏற்பில்லை. ஆனால் டாக்டரம்மா சொன்ன அந்த மூன்றாவது வரி இதுதான்.

நானும் கட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் லேப்டாப்போடு உட்கார்ந்தேன். முதல் மூன்று நாள் அடியிலிருந்து இரண்டு கண் மட்டும் தெரிந்தது. ஒன்பதாம் நாள் மீட்டிங்கில் பேசிக்கொண்டிருக்கும்போது பாதத்தில் ஈரமாக ஏதோ பட்டது. மூக்கு. நான் அசையவில்லை. எதிர்முனையில் மேனேஜர், "லைன்ல இருக்கீங்களா?" என்று இரண்டு முறை கேட்டார்.

28-ஆம் நாள் தட்டணுக்கள் இரண்டு லட்சத்தைத் தாண்டின. இப்போது எடை ஆறு கிலோ. கேஸ் சிலிண்டர்காரரைக் கண்டால் தெருவே அதிரக் குரைக்கிறாள். அம்மா பூப்பறிக்கப் போனால் பின்னாலேயே போகிறாள்.

மழை பெய்தால் மட்டும் இன்னும் கட்டிலுக்கு அடியில்தான். அன்றைக்கு எனக்கும் தரையில்தான் ஆபீஸ்.