அனுமதிக் காகிதம்: மிஷனரிகளின் அலைச்சலும் நமது அச்சு வரலாறும்

எம்.ஏ. தமிழ் படித்த காலத்தில் அச்சு வரலாறு என்று எங்களுக்குக் கிடைத்தது 'முதல்'களின் பட்டியல்தான். முதல் அச்சுக்கூடம், முதல் மொழிபெயர்ப்பு, முதல் பத்திரிகை. இந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு இங்கே இரண்டு கதைகள் சொல்லப்பட்டு வருகின்றன. மிஷனரிகள் தமிழுக்குத் தொண்டு செய்த உத்தமர்கள் என்பது ஒன்று. வெள்ளை அதிகாரத்தின் கைக்கூலிகள் என்பது இன்னொன்று. இரண்டிலுமே, கையில் மனுவோடு கோட்டை வாசலில் நிற்கிற மிஷனரிக்கு இடமில்லை. அனுமதிக்கும் பணத்துக்கும் காகிதத்துக்கும் கப்பலுக்குமாக அவர்கள் அலைந்த அலைச்சலையே ஒரு பிரதியாக வாசித்தால், அதிகாரம் எந்தெந்தக் கைகள் வழியாக இயங்கியது என்பது கொஞ்சம் பிடிபடும்.

தரங்கம்பாடியை எடுத்துக்கொள்வோம். 1706 ஜூலையில் சீகன்பால்குவும் புளுட்சாவும் வந்திறங்கியபோது அவர்களை அனுப்பியவர் டென்மார்க் மன்னர் நான்காம் ஃபிரெடரிக். ஊரை ஆண்டதோ டேனிஷ் கம்பெனி. மன்னரின் கையெழுத்து கம்பெனிக் கோட்டையில் செல்லவில்லை. மதப்பிரசங்கம் வியாபாரத்துக்கு இடைஞ்சல் என்பது கோட்டைத் தலைவர் ஹாசியஸின் கணக்கு. மோதல் முற்றி 1708 கடைசியில் சீகன்பால்கு கோட்டைக்குள் அடைக்கப்பட்டார். நான்கு மாதம் சிறையிருந்தார். அடைத்தவரும் அடைபட்டவரும் ஒரே சபையைச் சேர்ந்த லூத்தரன்கள்.

பிறகு அச்சு இயந்திரம். லண்டனிலிருந்து கிறித்தவ அறிவு வளர்ச்சிச் சங்கம் அனுப்பிய இயந்திரத்தோடு கப்பலையே நடுவழியில் பிரெஞ்சுக்காரர்கள் பிடித்துக்கொண்டார்கள். பணம் கட்டித்தான் மீட்க முடிந்தது. கூட வந்த அச்சுக்காரர் வழியிலேயே செத்துப்போனார். ஜெர்மனியில் ஹாலே நகரில் வார்த்த தமிழ் எழுத்துகள் 1713இல் வந்து சேர்ந்தன. அவை பெரிய எழுத்துகள்; காகிதத்தைத் தின்றன. காகிதமோ கப்பல் வந்தால்தான் உண்டு. ஆகவே தரங்கம்பாடியிலேயே சிறிய எழுத்துகளை வார்த்தார்கள். பொறையாற்றில் காகித ஆலை வைத்தார்கள். 1715இல் புதிய ஏற்பாடு அச்சாகி முடிந்தது. அச்சில் தமிழ் எழுத்தின் உருவ அளவைத் தீர்மானித்ததில் இறையியலைவிடக் காகிதத் தட்டுப்பாட்டுக்குப் பங்கு அதிகம்.

நூறு வருஷம் கழித்து யாழ்ப்பாணத்திலும் ஒரு மிஷன் இதே மாதிரி அரசாங்க வாசலில் நிற்க வேண்டி வந்தது. அமெரிக்க மிஷன் 1816இல் ஆளுநர் பிரவுன்ரிக்கின் அனுமதியோடு அங்கே வேலையைத் தொடங்கியது. 1820இல் ஜேம்ஸ் காரெட் என்ற அச்சுக்காரர் வந்து சேர்ந்தபோது பிரவுன்ரிக் போய்விட்டிருந்தார். நிர்வாகம் எட்வர்ட் பார்ன்ஸ் கையில். மூன்று மாதத்துக்குள் தீவை விட்டு வெளியேறு என்று காரெட்டுக்கு உத்தரவானது. அச்சு இயந்திரம் நல்லூரிலிருந்த இங்கிலாந்துத் திருச்சபையின் மிஷனுக்குக் கைமாறியது. புதிதாக அமெரிக்க மிஷனரிகள் யாரும் வரக்கூடாது என்ற தடை 1833வரை நீடித்தது. அது நீங்கிய பின் 1834இல் வேறொரு அச்சுக்காரர் வந்தார். மானிப்பாயில் அச்சுக்கூடம் ஓடத் தொடங்கியது. 'உதயதாரகை' வெளிவந்தது 1841இல். இங்கேயும் தடுத்தவர், தடுக்கப்பட்டவர் இருவரும் புராட்டஸ்டண்டுகள், ஒரே மொழி பேசுகிறவர்கள். ஆள் அமெரிக்கன் என்பதே போதுமானதாக இருந்தது. கிறித்தவமும் காலனியமும் ஒன்றுதான் என்று ஒரே வரியில் எழுதிவிடுகிற நம் தோழர்கள் இந்தப் பதின்மூன்று வருஷத்தை எங்கே வைப்பார்கள்?

அதற்காக, மிஷனரிகளும் பாவம் அதிகாரத்தால் ஒடுக்கப்பட்டவர்கள்தான் என்று சொல்லிவிட முடியுமா? முடியாது. இந்த அலைச்சலில் கூட நின்றவர்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். சீகன்பால்குவுக்கு மொழிபெயர்ப்பாளராக இருந்தவர் அழகப்பன்; முன்னால் கம்பெனியில் துபாஷாக இருந்தவர், ஐரோப்பிய மொழிகள் தெரிந்தவர். இவர் இல்லாமல் சீகன்பால்குவின் தமிழ் கிடையாது. அழகப்பன் தரங்கம்பாடியை விட்டு விரட்டப்பட்டார். பிறகு தஞ்சாவூரில் சிறைப்பட்டார். காரெட்டும் விரட்டப்பட்டவர்தான். அவர் பம்பாய்க்குப் போனார். அங்கே தன் மிஷனின் அச்சுக்கூடத்தையே பொறுப்பேற்று நடத்தினார்.

இரண்டு வெளியேற்றங்களுக்கும் உள்ள வித்தியாசம் இதுதான். மிஷனரிக்கு ஒரு கதவு மூடினால் கடிதம் எழுத லண்டன் உண்டு, ஹாலே உண்டு, பாஸ்டன் உண்டு. போய்ச் சேர இன்னொரு துறைமுகம் உண்டு. சிறையிலிருந்து வந்த சீகன்பால்கு திரும்பவும் வேலையைத் தொடர்ந்தார். துபாஷுக்குக் கோட்டைக் கதவு மூடினால் திறந்தது ராஜாவின் சிறைக்கதவு. அவருக்காக மனுப்போட ஒரு சங்கம் எந்த ஊரிலும் கிடையாது. அதிகாரத்தின் முன்னால் ஒருவன் எப்படி நிற்கிறான் என்பது அவனுக்குப் பின்னால் எத்தனை கதவு இருக்கிறது என்பதைப் பொறுத்தது.

'முதல்'களின் பட்டியலில் அழகப்பனுக்கு இடம் கொடுத்துவிட்டால் போதும் என்று நான் சொல்ல வரவில்லை. பட்டியல் இன்னும் ஒரு பெயர் நீளும், அவ்வளவுதான். ஒவ்வொரு தேதிக்கும் பக்கத்தில் அனுமதி கொடுத்தது யார், மறுத்தது யார், மறுத்தபோது அடி யார் முதுகில் விழுந்தது என்று கேட்டு எழுதிப் பார்க்கலாம். உத்தமரா கைக்கூலியா என்ற பட்டிமன்றத்துக்கு அப்புறம் அவ்வளவாக வேலை இருக்காது.