அரிதினும் அரிதான வழக்கு: இந்தியாவில் மரண தண்டனையின் அளவுகோல்

கொலைக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை போதுமா, தூக்குதான் தகுமா என்பதை முடிவு செய்ய இந்திய நீதிமன்றங்கள் 1980 முதல் கையாண்டுவரும் அளவுகோல் ‘அரிதினும் அரிதான வழக்கு’ என்பது. பச்சன் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் கொண்ட அரசியல் சாசன அமர்வு இதை வகுத்தது. ஒருவரின் உயிர் எந்த நீதிபதி முன் வழக்கு வருகிறது என்பதைப் பொறுத்துப் போகக்கூடாது என்பதே இதன் நோக்கம். அந்த நோக்கம் நிறைவேறவில்லை என்பதை அளவுகோலின் வரலாறே காட்டுகிறது. ஒரே குற்றத்துக்கு ஒருவர் சாகவும் இன்னொருவர் பிழைக்கவும் காரணமாக இருப்பவை வழக்கறிஞரின் தரம், அமர்வின் மனப்போக்கு, புலனாய்வின் நேர்மை ஆகியவை. தண்டனையின் அளவைச் சொல்லும் எந்த விதியும் இவற்றைத் திருத்த முடியாது.

1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் கொலைக்குத் தூக்குதான் வழக்கமான தண்டனை. அதைத் தராமல் விட்டால்தான் நீதிபதி காரணம் எழுத வேண்டும். அரசியல் நிர்ணய சபையில் 1949இல் பேசிய அம்பேத்கர், மரண தண்டனையை ஒழிப்பதையே தாம் விரும்புவதாகச் சொன்னார். சபை அந்த முடிவை எடுக்கவில்லை, ஆனால் சட்டம் மெல்ல நகர்ந்தது. 1955இல் வந்த திருத்தம் மேற்சொன்ன கட்டாயத்தை நீக்கியது. 1973ஆம் ஆண்டின் புதிய நடைமுறைச் சட்டம் நிலையைத் தலைகீழாக மாற்றியது: ஆயுள் தண்டனை பொது விதி; தூக்கு விதிக்க வேண்டுமானால் சிறப்புக் காரணங்கள் வேண்டும்.

அந்தச் சிறப்புக் காரணங்கள் எவை என்ற கேள்விக்கான விடையே பச்சன் சிங் தீர்ப்பு. குற்றத்தை மட்டுமல்ல, குற்றவாளியையும் பார்க்க வேண்டும். அவர் திருந்த வாய்ப்பே இல்லை என்பதை அரசுத் தரப்பு காட்ட வேண்டும். வேறு வழி முற்றிலும் அடைபட்ட நிலையில்தான் தூக்கு என்று பெரும்பான்மை நீதிபதிகள் நால்வரும் சொன்னார்கள். பி.என். பகவதி மட்டும் மாறுபட்டார். தண்டனை அமர்வில் யார் இருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தே அமையும், அது பெரும்பாலும் ஏழைகள் மீதே விழும் என்று 1982இல் வெளியான தம் தீர்ப்பில் அவர் எச்சரித்தார். அந்த எச்சரிக்கைக்குச் சான்று அதே ஆண்டிலேயே நீதிமன்றத்தின் முன் இருந்தது. ஹர்பன்ஸ் சிங் வழக்கில் ஒரே கொலைகளுக்காக மூவருக்குத் தூக்கு விதிக்கப்பட்டிருந்தது. மூவரின் மனுக்களும் தனித்தனியாக, வெவ்வேறு அமர்வுகள் முன் வந்தன. ஒருவருக்கு ஆயுளாகக் குறைந்தது. இன்னொருவரின் மனு தள்ளுபடியாகி, 1981 அக்டோபர் 6 அன்று அவர் தூக்கிலிடப்பட்டார். அதே நாளில் சாக வேண்டியிருந்த மூன்றாமவர் கடைசி நேரத்தில் நீதிமன்றத்தை அணுகித் தடை பெற்றதால் உயிரோடு இருந்தார். அவருடைய தண்டனையைக் குறைக்கும்படி நீதிமன்றமே குடியரசுத் தலைவரிடம் பரிந்துரைத்தது. தூக்கிலிடப்பட்டவரின் பங்கு மற்றவர்களுடையதைவிடக் கொடியது என்று எவரும் கண்டறிந்திருக்கவில்லை.

1983இல் மச்சி சிங் தீர்ப்பு அளவுகோலுக்கு ஐந்து வகைகளைத் தந்தது. கொலை நடந்த விதம், நோக்கம், சமூகத்தின் வெறுப்பைத் தூண்டும் தன்மை, கொலைகளின் அளவு, கொல்லப்பட்டவர் யார் என்பன அவை. தெளிவு தரும் முயற்சிதான். ஆனால் ஐந்துமே குற்றத்தைப் பற்றியவை, குற்றவாளி பின்னுக்குப் போனார். ராவ்ஜி வழக்கின் தீர்ப்பு ஒரு படி மேலே போய், குற்றத்தின் தன்மையே முக்கியம், குற்றவாளி அல்ல என்றது. அது பச்சன் சிங் தீர்ப்புக்கு நேர் எதிரானது. ராவ்ஜி 1996இல் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு பிழையானது என்று உச்ச நீதிமன்றம் 2009 மே மாதத்தில் ஒப்புக்கொண்டது.

அதற்கு முந்தைய மாதம்தான் நாசிக் அருகே 2003இல் நடந்த கொலைகளுக்காக ஆறு பேருக்கு உச்ச நீதிமன்றம் தூக்கு விதித்திருந்தது, ராவ்ஜி தீர்ப்பை நம்பி. அவர்களில் மூவருக்கு உயர் நீதிமன்றம் ஆயுளாகக் குறைத்திருந்ததையும் அது ரத்து செய்தது. பத்து ஆண்டுகள் கழித்து, 2019 மார்ச்சில், அதே உச்ச நீதிமன்றம் ஆறு பேரும் குற்றவாளிகள் அல்ல என்று விடுவித்தது. தாக்குதலில் உயிர் தப்பிய சாட்சி, காவல்துறை காட்டிய படங்களில் வேறு நான்கு பேரை முன்பே அடையாளம் காட்டியிருந்தார். அவர்களை யாரும் விசாரிக்கவில்லை. நாடோடிச் சமூகத்தைச் சேர்ந்த அந்த ஏழைத் தொழிலாளர்களுக்குத் தலைக்கு 5 லட்சம் ரூபாய் இழப்பீடு வழங்க மகாராஷ்டிர அரசுக்கு உத்தரவாயிற்று.

இறுதியில் அவர்கள் விடுதலையானார்களே, மேல்முறையீடு தன் வேலையைச் செய்கிறதே என்று வாதிடலாம். டெல்லி தேசியச் சட்டப் பல்கலைக்கழகம் 2016இல் வெளியிட்ட ஆய்வு இந்த வாதத்தை எடைபோட உதவும். 2000க்குப் பிறகு விசாரணை நீதிமன்றங்கள் விதித்த தூக்குத் தண்டனைகளில், மேல்முறையீடுகள் முடிந்தபின் நிலைத்தவை 5 விழுக்காட்டுக்கும் குறைவு; ஏறத்தாழ 30 விழுக்காட்டினர் முற்றிலும் விடுதலை ஆனார்கள். இத்தனை பிழைகள் பிடிபடுவது ஆறுதல்தான். ஆனால் கீழே இவ்வளவு தவறும் அமைப்பு மேலே மட்டும் தவறாது என்று நம்ப எந்த ஆதாரமும் இல்லை. நாசிக் வழக்கில் உயர் நீதிமன்றம் குறைத்த தண்டனையைக் கூட்டியதே உச்ச நீதிமன்றம்தான். ராஜீவ் காந்தி கொலை வழக்கில் 1998இல் தடா நீதிமன்றம் 26 பேருக்கும் தூக்கு விதித்தது. மறு ஆண்டே உச்ச நீதிமன்றம் அதை நால்வருக்கு மட்டும் உறுதிசெய்தது. அந்த நால்வரில் ஒருவரான பேரறிவாளனின் வாக்குமூலத்தில் அவருக்குச் சாதகமான பகுதியைத் தாம் பதிவு செய்யாமல் விட்டதாக, அதை எழுதிய சிபிஐ அதிகாரியே 2013இல் வெளிப்படையாகச் சொன்னார். 1999க்கும் 2013க்கும் இடையில் தண்டனை நிறைவேறியிருந்தால் அந்த உண்மையால் யாருக்கு என்ன பயன்?

எந்தத் தண்டனையிலும் நீதிபதிக்கு விருப்புரிமை உண்டு, தூக்கை மட்டும் ஏன் குறை சொல்ல வேண்டும் என்பது இன்னும் வலுவான ஆட்சேபம். ஏழு ஆண்டா பத்து ஆண்டா என்பதிலும் ஏற்றத்தாழ்வு இருக்கத்தான் செய்கிறது. ஆனால் சிறையில் இருப்பவருக்குப் பிழையைத் திருத்திக்கொள்ளும் காலம் இருக்கிறது. அதுவும் நல்ல வழக்கறிஞரை அமர்த்த வசதியில்லாதவருக்குத்தான் அந்தக் காலம் அதிகம் தேவைப்படுகிறது. மேற்சொன்ன ஆய்வின்படி தூக்குக் கைதிகளில் நான்கில் மூன்று பங்கினர் பொருளாதாரத்தில் நலிந்தவர்கள். கொல்லப்பட்டவரின் குடும்பத்துக்கு நீதி வேண்டாமா என்று கேட்பவர்களின் வேதனை மதிக்கத்தக்கது. நாசிக் அருகே கொல்லப்பட்டவர்களின் குடும்பத்துக்குக் கிடைத்தது என்ன? தவறான ஆட்களைத் தூக்குமேடைக்கு அனுப்பும் அவசரத்தில் உண்மைக் குற்றவாளிகள் தப்பினார்கள்.

ஏ.பி. ஷா தலைமையிலான சட்ட ஆணையம், பயங்கரவாதக் குற்றங்களும் நாட்டுக்கு எதிராகப் போர் தொடுத்தலும் தவிர மற்றவற்றுக்கு மரண தண்டனையை ஒழிக்கலாம் என்று 2015இல் தன் 262ஆவது அறிக்கையில் பரிந்துரைத்தது. இந்த விதிவிலக்கு எனக்கு ஏற்புடையதாக இல்லை: பொதுமக்களின் கோபமும் புலனாய்வின் மீதான அழுத்தமும் மிக அதிகமாக இருப்பது அத்தகைய வழக்குகளில்தான். 2022 மே மாதத்தில், குற்றவாளியின் பின்னணி, மனநலம், சிறை நடத்தை பற்றிய தகவல்களை விசாரணைக் கட்டத்திலேயே திரட்ட வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வழிமுறை வகுத்தது. பச்சன் சிங் தீர்ப்பு கேட்டதுதான் அது. நாற்பத்திரண்டு ஆண்டுகள் தாமதமாக வந்தது. அதே ஆண்டு செப்டம்பரில், தண்டனை பற்றிய வாதத்துக்கு எப்போது, எவ்வளவு அவகாசம் தரவேண்டும் என்ற கேள்வி அரசியல் சாசன அமர்வுக்கு அனுப்பப்பட்டது. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதா மரண தண்டனையைத் தக்கவைத்ததோடு, கும்பல் கொலை போன்ற புதிய குற்றங்களுக்கும் அதை நீட்டித்திருக்கிறது.