காரைக்காலிலிருந்து கீழ்வேளூர் வழியாக

சங்கீத மும்மூர்த்திகள் மூவரும் திருவாரூரில் பிறந்ததை நம் சங்கீத உலகம் ஒரு தெய்வச் செயலாகச் சொல்லிப் பழகிவிட்டது. 1762இல் சியாமா சாஸ்திரி, 1767இல் தியாகராஜர், 1775இல் முத்துஸ்வாமி தீட்சிதர். காவேரித் தண்ணீர், கமலாலயம், தியாகேசர் சந்நிதி, ராஜ சம்ரட்சணை என்று காரணங்களும் தயாராக இருக்கின்றன. காலட்சேபத்துக்கு இது போதும். ஆனால் காரைக்காலிலிருந்து நாகூர், கீழ்வேளூர் வழியாகத் திருவாரூருக்குப் போகும் சாலையில் 1758இல் என்ன நடந்தது என்று தெரிந்துகொண்டவருக்கு இந்தச் சித்திரம் அப்படியே நிற்காது.

காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கைக்கு வந்தது 1739இல். தஞ்சை மராத்தியரின் அரசுரிமைச் சண்டையில் பேசப்பட்ட விலை அது. பிறகு 1760, 1778, 1793 என மூன்று முறை ஆங்கிலேயர் பிடித்தார்கள். ஒவ்வொரு முறையும் ஐரோப்பாவில் எங்கோ கையெழுத்தான ஓர் உடன்படிக்கையில் ஊர் திரும்பிப் போயிற்று. கடைசியாகத் திரும்பியது 1817இல். அங்கே வயலில் நின்றவனுக்கு இதில் எதுவும் சொல்லப்பட்டிருக்காது. கொடி மாறுவதைக் கண்டுதான் தெரிந்துகொண்டிருப்பான்.

1758 ஜூன் மாதக் கடைசியில் லாலி துருப்புகளோடு காரைக்காலில் வந்து இறங்கினார். ஐரிஷ் வம்சாவளியில் வந்த பிரெஞ்சுத் தளபதி, முன்கோபி. கடலூர்ப் பக்கத்து செயின்ட் டேவிட் கோட்டையை அப்போதுதான் பிடித்திருந்தார். சென்னையைப் பிடிக்கப் பணம் இல்லை. தஞ்சை அரசர் முன்பு எழுதிக்கொடுத்த 56 லட்ச ரூபாய்ப் பத்திரம் ஒன்று புதுச்சேரியில் கிடந்தது. அதை வசூலிக்கத்தான் இந்தப் படையெடுப்பு. கடன் வசூலுக்குப் பீரங்கி கொண்டுபோவது அன்று அநாகரிகமாகக் கருதப்படவில்லை. படைக்கு அரிசி இல்லை, மாடில்லை, வண்டியில்லை. பட்டினியோடு வந்த படை நாகூரைக் கொள்ளையடித்துவிட்டுக் கீழ்வேளூருக்கு வந்தது.

கீழ்வேளூரில் நடந்ததை ராபர்ட் ஓர்ம் எழுதிவைத்திருக்கிறார். கோயிலுக்குள் புகுந்து புதையல் தேடித் தோண்டினார்கள். குளத்தைத் துழாவினார்கள். விக்ரகங்களை எடுத்துப் பார்த்தார்கள். பொன் என்று நினைத்தவை எல்லாம் பித்தளை. ஆறு பிராமணர்கள் கோயிலை விட்டுப் போகாமல் அங்கேயே சுற்றிக்கொண்டிருந்தார்கள். ஒற்றர்கள் என்று தீர்மானித்த லாலி அவர்களைப் பீரங்கி வாயில் கட்டிச் சுடச் செய்தார். ஓர்ம் ஆங்கிலேயர் பக்கத்து ஆள், எதிரியின் கொடுமையைக் குறைத்துச் சொல்லப் போவதில்லை. அதையும் மனதில் வைத்துக்கொண்டுதான் படிக்க வேண்டும். ஆனால் பித்தளை என்கிற அந்த விவரம் ஜோடித்ததாகத் தெரியவில்லை.

படை திருவாரூர் வழியாகத் தஞ்சைக் கோட்டையை முற்றுகையிட்டது. ஆகஸ்ட் 3ஆம் தேதி காரைக்கால், நாகப்பட்டினக் கடலில் ஆங்கிலேயக் கப்பல்களோடு நடந்த சண்டையில் பிரெஞ்சுக் கப்பல்கள் அடி வாங்கின. செய்தி கேட்டு லாலி முற்றுகையைக் கைவிட்டு, வந்த காரைக்காலுக்கே பசியும் பட்டினியுமாகத் திரும்பினார். 1766இல் பாரிஸில் அவர் தலையை வெட்டினார்கள், தஞ்சாவூருக்காக அல்ல.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. கீழ்வேளூரில் இல்லாத பொன் திருவாரூரில் இருந்தது. காஞ்சியின் பங்காரு காமாட்சி, சொர்ண விக்ரகம். வடக்கே யுத்தம் வந்தபோது காஞ்சிக் கோயில்கள் விக்ரகங்களை உடையார்பாளையத்துக்கு அனுப்பின. வரதராஜர் 1710இல் திரும்பிவிட்டார். இந்த அம்மன் திரும்பவில்லை. முகத்தில் புனுகைப் பூசிக் கறுப்பாக்கி, மூடுபல்லக்கில் வைத்து, செஞ்சி, உடையார்பாளையம், நாகூர், சிக்கல் என ஊர் ஊராகத் தூக்கிவந்து கடைசியில் திருவாரூரில் இறக்கினார்கள் என்பது அந்த அர்ச்சகர் பரம்பரையின் கதை. அது சரியானால், லாலியின் ஆட்கள் தேடிய தங்கம் அவர்கள் போன வழியிலேயே கறுத்த முகத்தோடு உட்கார்ந்திருந்தது. நான்கு வருஷம் கழித்து அந்த அர்ச்சகர் வீட்டில் பிறந்த பையன்தான் சியாமா சாஸ்திரி. தீட்சிதரின் தகப்பனார் ராமஸ்வாமி தீட்சிதரும் காஞ்சியில் பிறந்து தெற்கே வந்தவர். திருவாரூரை நாம் சங்கீதத்தின் தாய்வீடு என்கிறோம். இவர்களுக்கு அது ஒண்டவந்த இடம்.

ஒண்டியதும் நிலைக்கவில்லை. 1773இல் ஆற்காட்டு நவாபும் கம்பெனியும் சேர்ந்து தஞ்சையைப் பிடித்தார்கள். 1776இல் துளஜாவுக்குத் திருப்பிக் கொடுத்தார்கள். 1781இல் ஹைதர் வந்தார். பயிர் போயிற்று, வாய்க்கால் தூர்ந்தது, பஞ்சம் வந்தது. கோட்டைக்குள் சோறில்லாமல் தெருவில் விழுந்தார்கள். ஷ்வார்ட்ஸ் பாதிரியாரின் வாக்கை நம்பித்தான் குடியானவர்கள் நெல் கொண்டுவந்தார்கள். அந்த வருஷம்தான் காமாட்சியை மறுபடியும் தூக்கிக்கொண்டு சியாமா சாஸ்திரி குடும்பம் தஞ்சாவூருக்கு ஓடியது. அவருக்கு அப்போது வயது 19.

இதில் ஒரு வரியாவது கீர்த்தனைகளில் உண்டா? இல்லை. நம் நவீன விமரிசகர்கள் சிலருக்கு இது பெரிய குறை. சமகாலப் பிரக்ஞை இல்லாத கலை என்று ஒரே வாக்கியத்தில் தீர்த்துவிடலாம். நானும் ஒரு காலத்தில் அப்படிப் பேசியிருக்கிறேன். காரைக்காலம்மையார், பிணம் எரியும் திருவாலங்காட்டில் நின்றுகொண்டே ஏழு ஸ்வரங்களின் பெயரையும் வாத்தியங்களின் பெயரையும் பாட்டுக்குள் கொண்டுவந்தவர். அந்தத் துணிச்சல் இவர்களிடம் இல்லை என்று ஒப்பிடக்கூடச் செய்யலாம். ஆனால் சொல்லில் மட்டும் தேடினால் சங்கீதத்தில் எதுவும் அகப்படாது.

தீட்சிதர் குடும்பம் சென்னைக்கு அருகே மணலியில் இருந்த காலத்தில் கம்பெனிப் பட்டாளத்தின் பாண்டு வாத்தியம் அவர் காதில் விழுந்தது. அந்த மெட்டுகளுக்கு அவர் சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார், ஏறத்தாழ நாற்பது. நோட்டு ஸ்வரம் என்று குழந்தைகளுக்கு இன்றும் சொல்லித்தருகிறார்கள். அதில் ஒன்று ஆங்கிலேயரின் ராஜவாழ்த்து மெட்டு; சாமி பேர் போட்டிருக்கும். தம்பி பாலுஸ்வாமி பிடிலைக் கற்றுக்கொண்டார். ஊரைப் பிடிக்க வந்தவனின் வாத்தியம் இன்றைக்கு எந்தக் கச்சேரியிலும் பாடகருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. நமக்கு அது அந்நியம் என்றே தோன்றுவதில்லை.

நோட்டு ஸ்வரங்கள் சங்கராபரண ஸ்வரங்களில் நிற்பவை. கமகம் இல்லை, அசைவில்லை, சிப்பாய் நடையில் நேராகப் போகும். இதே சங்கராபரணத்தில்தான், மிச்ர சாபு தாளத்தில், தீட்சிதர் ‘அக்ஷயலிங்க விபோ’வைச் செய்தார். அது எந்த ஊர்ச் சாமி என்று கச்சேரியில் யாரும் கேட்பதில்லை. கீழ்வேளூர். தமிழில் கேடிலியப்பர், கேடு இல்லாதவர். கோயிலைப் பூட்டிய அர்ச்சகரை இந்தப் பாட்டு திரும்பக் கூட்டிவந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்தக் கதை எனக்கு முக்கியமில்லை.

ஒருமுறை காரைக்காலிலிருந்து பஸ்ஸில் போய் அந்தக் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். மதியம், நடை சாத்தியிருந்தது. ஆறு பேரின் பெயர் எங்கும் எழுதியிருக்கவில்லை. குளத்தில் தண்ணீர் பச்சையாக இருந்தது. அனுபல்லவியை மனதுக்குள் போட்டுப் பார்த்தேன். பாண்டுக்காரன் ஒரே தாவில் கடந்துபோகிற காந்தாரத்தில் அது மெல்ல வந்து நின்று, அசைந்து, அங்கிருந்து நகர மனமில்லாமல் கொஞ்ச நேரம் இருந்தது.