நெடுநோயாளரும் புதுப்பிக்கப்படும் உரிமையும்: ஒரு வரலாற்று நோக்கு

நெடுநாள் நோயுற்றோர்க்கு அரசு வழங்கும் மருத்துவ உரிமை பெரும்பாலும் தவணைக்கு உட்பட்டது. நோயோ தவணை அறியாது. இம்முரண்பாடு தோன்றிய வரலாற்றைச் சிறிது நோக்குவோம்.

இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் காசநோயாளருக்குப் புகலிடமாயிருந்தவை சிகிச்சை நிலையங்களே. மிஷன் சங்கங்கள் கூடி மதனப்பள்ளியருகே நடத்திய ஆரோக்கியவரமும், 1928இல் டாக்டர் சௌரிமுத்து தாம்பரத்தில் தொடங்கிய நிலையமும் அத்தகையவை. அங்கே உணவும் ஓய்வும் கண்காணிப்பும் ஒருங்கே கிடைத்தன. ஆயினும் இடம் பெற்றோர் சிலரே.

1956இல் சென்னையில் தொடங்கப்பெற்ற காசநோய் ஆய்வு நிலையம் 193 நோயாளரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினருக்கு வீட்டிலும் மற்றவருக்கு நிலையத்திலும் ஓராண்டு மருந்தளித்தது. வறிய வீடுகளில் இருந்தோரும் ஏறத்தாழ அவ்வளவாகவே குணமடைந்தனர் என்பதை 1959இல் வெளியான அதன் முடிவு காட்டிற்று. இதனால் உலகெங்கும் சிகிச்சை முறை மாறிற்று. ஆனால் மருந்து இடையறாது கிடைக்கவேண்டும். நிலையத்தின் மதில் காத்துவந்த தொடர்ச்சியை இனி அட்டையும் அலுவலகமும் காக்கவேண்டியதாயிற்று.

தொழிலாளருக்கு 1948ஆம் ஆண்டின் இ.எஸ்.ஐ. சட்டம் துணையாய் வந்தது. அத்திட்டத்தில் சாதாரண நோய்க்கு ஆண்டில் 91 நாள் வரையிலும், காசநோய், தொழுநோய், புற்றுநோய் உள்ளிட்ட 34 நீடித்த நோய்களுக்கு இரண்டாண்டு வரையிலும் உதவித்தொகை வகுக்கப்பட்டது. எனினும் உரிமையின் வேர் ஊதியத்தில் ஊன்றியிருந்தது. ஆறு மாதச் சந்தாவே பின்வரும் ஆறு மாதப் பயனுக்கு வழி. திருநின்றவூரிலிருந்து அம்பத்தூர்த் தொழிற்பேட்டைக்குப் புகைவண்டியில் செல்பவராயினும், கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் உழைப்பவராயினும், நோயினால் வேலையிழந்தால் காலப்போக்கில் காப்பும் இழக்க நேரிடுகிறது. உதவி மிகுதியும் தேவைப்படும் வேளையிலே அது நழுவுகிறது.

வேலையைச் சாராத காப்புறுதி தமிழகத்தில் 2009 ஜூலையில் வந்தது. 2012 ஜனவரியில் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீடாக மாறி, 2022இல் மேலும் ஐந்தாண்டுக்கு நீட்டிக்கப்பட்டது. ஆயின் இது பெரும்பாலும் மருத்துவமனைச் சிகிச்சைக்கே உரியது. வருமானச் சான்றும் வேண்டும். அன்றாட மாத்திரையை வீடு கொண்டு சேர்க்கும் முயற்சியாக, 2021 ஆகஸ்டு 5இல் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் 'மக்களைத் தேடி மருத்துவம்' தொடங்கிற்று. 1959இல் கற்ற பாடம் இதில் மீண்டும் உருப்பெற்றது எனலாம்.

இவ்வரலாறு உணர்த்துவது ஒன்று. உரிமை வழங்கப்பட்டாலும், அதைத் தொடர்ந்து பெற நோயாளி எழுந்து நடக்கவேண்டியிருக்கிறது. பெதஸ்தா குளத்தருகே முப்பத்தெட்டு ஆண்டு கிடந்தவன் குளம் இல்லையென்று முறையிடவில்லை. தன்னைக் கொண்டுசேர்க்க ஆளில்லை என்றே கூறினான். சபையிலுள்ள நெடுநோயாளர் யார், அவர்தம் அட்டை எந்நாளில் காலாவதியாகும், கிராம நிர்வாக அலுவலரிடம் அவருக்காகச் செல்வோர் யார் என்பவற்றைக் குறித்துவைத்தல் ஆயரின் வீடு சந்திப்புப் பணியில் அடங்கியதே. ஜெபித்துத் திரும்புமுன் அட்டையையும் கேட்டுப் பார்ப்பது நலம்.